துரை இல்லாத பங்களா

பென்னாகரம் போகும் சாலையில், எங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் கண்டக்டர் "தொரை பங்களா எறங்கு" என்று குரல் கொடுப்பார். அங்கே எந்தத் துரையும் இருந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சாமியார்களும் சிஸ்டர்களும் அந்தக் காலத்தில் கட்டிய மிஷன் அது. ஒரு மாதா கோயில், ஒரு ஆஸ்பத்திரி, பின்னால் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. வெள்ளைக்காரர்களையும் உயரமான தூண்களையும் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது. வாசல் கல்லில் 'மாதா மிஷன்' என்று இன்றும் இருக்கிறது.

என் மனைவி அந்த விடுதியில் வளர்ந்தவள். பிறந்த சில நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே பால் ஊற்றப் போன நான் பார்த்து, விரும்பிக் கட்டிக்கொண்டேன். "பொண்ணு எந்த ஊரு?" என்று உறவுக்காரர்கள் கேட்டபோது என் அம்மா "தொரை பங்களா" என்றார். அங்கே வாட்ச்மேன் குடும்பம் போலிருக்கிறது என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தப்பான பெயர் எங்களுக்கு வசதியாக இருந்தது. பஸ்ஸில் அவள் "மிஷன் ரெண்டு குடுங்க" என்பாள். கண்டக்டர் விழிப்பார். நான்தான் "தொரை பங்களாங்க" என்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பத்திரிகையில் அப்பா ஊரும் அம்மா ஊரும் போடுவது எங்கள் வழக்கம். அச்சகத்துக்குக் கிளம்பியபோது என் மனைவி சொன்னாள்: "எம் பேருக்குப் பக்கத்துல எங்க ஊரச் சரியாப் போடச் சொல்லுங்க. நான் வேற எதுவும் கேக்கல."

அண்ணனும் கூட வந்தார். கம்ப்யூட்டர் முன் இருந்த பெண், "பொண்ணோட அம்மாவுக்கு எந்த ஊருங்க?" என்றாள்.

"தொரை பங்களான்னு போடும்மா," என்றார் அண்ணன்.

"மாதா மிஷன்," என்றேன் நான்.

"என்னங்க? கேக்கலீங்க."

"இவன் பேசறது இவன் சட்டைக்கே கேக்காது," என்று அண்ணன் சிரித்தார். பிறகு என் காதருகே குனிந்தார். "விடுதிப் புள்ளைன்னு தெரிஞ்சுபோவும்டா. சம்பந்தி வூட்டுல வேண்டாம்னுட்டா என்ன பண்ணுவ?"

எனக்கும் அதே பயம்தான். "அவ அங்கதான் வளந்தான்னு சொல்லுவேன்," என்றேன். அந்தப் பெண்ணிடம் ஊர்ப் பெயரைச் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

முதல் பத்திரிகையைக் கொடுக்கக் கம்பைநல்லூருக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"மாதா மிஷன்னா எதுங்க?"

நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி சொன்னாள்: "தொரை பங்களாங்கறாங்களே, அதாங்க. அங்க விடுதியில வளந்தேன். அப்பா அம்மா யாருன்னு தெரியாதுங்க."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். அந்த அம்மா அவரைப் பார்த்து "இருங்க" என்றார். பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கூட எத்தன பேருங்க இருந்தீங்க?"

"பொண்ணுங்க மட்டும் முப்பத்தோரு பேருங்க."

"அய்யோ, பொண்ணுக்கு அத்தன பெரியம்மாவும் சித்தியும் வந்தா பந்திக்குச் சோறு பத்தாதுங்களே!"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். யார் பக்கத்தில் யார் படுப்பார்கள், யாருக்கு இடி என்றால் பயம், யார் இவளுக்குத் தலை பின்னிவிடுவார்கள். காபி ஆடை கட்டிக் கிடந்தது. எனக்கு எல்லாமே புதிதாக இருந்தது. அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.