முப்பத்தொரு கேசட்டும் ஒரு பாட்டுப்பெட்டியும்

டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு. திருப்பதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே அதை வைத்து, அத்தை கையில் ஒரு பழைய செல்போனையும் கொடுத்து, "இனிமே கேசட்டே வேணாம் அத்தை, இதுல விரலை வெச்சா போதும், எல்லாப் பாட்டும் வரும்" என்று நான் பெருமையடித்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது. அத்தை என் நைனாவின் தங்கை. என் மனைவியைப் பெற்றவரும் அவர்தான். நான் சொந்தத்தில் பெண் எடுத்தவன். அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. செய்தவன் மண்டையில்தான் இருந்தது.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், சத்யவேட்டுக்குப் பக்கம். மாமா பாம்பு கடித்துப் போனபோது அவர்கள் மகளுக்கு நாலு வயது. சொந்த நிலம் என்று கையளவு கிடையாது. இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் ஸ்ரீ சிட்டி இருக்கும் இடத்தில் அப்போது வெறும் முள்ளும் புதரும்தான். வளைகுடாச் சண்டை ஓய்ந்து, கடப்பா, சித்தூர்ப் பக்கத்துப் பெண்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். ஏஜெண்டு ஒருவர் மூலம் அத்தையும் போனார். மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் மூன்று முறைதான் லீவில் வந்தார். போன் என்றால் டவுனுக்குப் போய் பூத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அவர் வேலை செய்த வீட்டில் போனை அடிக்கடி எடுக்கவும் முடியாது. அதனால் கேசட் போய் வந்தது. லீவு முடிந்து யார் குவைத்துக்குத் திரும்பினாலும் அவர்கள் பையில் ஊறுகாயோடு சுற்றுப்பட்டு ஊர்க் கேசட்டுகளும் இருக்கும்.

பேசி மட்டும் அனுப்பினால் கேட்கிறவர் அழுது வேலை கெடுகிறது என்று எல்லா வீடுகளிலும் பாட்டையும் சேர்த்துப் பதிவார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ தனி, அத்தை அனுப்பிய டேப் ரிக்கார்டர் தனி. இரண்டையும் கயிற்றுக் கட்டிலில் எதிரெதிரே உட்கார வைத்து, ரேடியோவில் பாட்டு வந்ததும் சிவப்புப் பட்டனை அழுத்துவது என் வேலை. ஒன்பது வயதில் எனக்கு நானே இன்ஜினியர் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. ஆனால் அத்தை மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு நடுவிலேயே தொணதொணவென்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். நான் அவள் தொடையில் கிள்ளுவேன். அந்த அழுகையும் கேசட்டில் ஏறும். "பாப்பா பேசினா பேசட்டும், உடுடா" என்பார் நைனா. பாட்டு கெட்டுப்போகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனைவி தன் தாயை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் குவைத்துக்காரரை அத்தை என்றும், எங்கள் தாயை அம்மா என்றும் கூப்பிட்டோம். கூடவே வளர்ந்த அவளும் அப்படியே பழகிவிட்டாள். அதனால் என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் அவளுக்கு மாமியார் அம்மா, பெற்றவர் அத்தை. திருப்பதியில் வீட்டுச் சொந்தக்காரம்மா ஆறு மாதம் வரை அத்தையை என் தாய் என்றே நினைத்திருந்தார். நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்போம். அத்தையும் கூடச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அத்தை ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியில் அந்தக் கேசட்டுகளும் இருந்தன. முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் தெலுங்கு எழுத்தில் நம்பர் போட்டிருந்தார். பல வருஷம் கழித்து டேப் ரிக்கார்டர் நாடாவை மென்று துப்ப ஆரம்பித்தது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அத்தை அதை ஒரு பழந்துணியால் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்து, பாட்டுக்காக ஏங்குகிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு என் வேலை. கேசட் பாட்டுகளை ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, செல்போனைத் தொட்டால் பாட வைப்பது எப்படி என்று கம்பெனி பஸ்ஸில் போக வர உள்ள நேரம் முழுக்க ஆராய்ச்சிதான். இதற்கென்றே விற்கும் ரெடிமேட் பெட்டியின் விலையைப் பார்த்ததும் போனை மூடிவிட்டேன். உள்ளங்கையில் அடங்கும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு மலிவு. ஆனால் அதன் மெமரி கார்டு அடிக்கடி மண்டையைப் போடும் என்றார்கள். நண்பர் இனாமாகத் தர முன்வந்த பழைய டெஸ்க்டாப்பின் ஃபேன் போட்ட இரைச்சலில் பாட்டு எங்கே கேட்கும், கரண்ட் பில் வேறு. கடைசியில் தடாவில் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட ஃபேன் இல்லாத குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதற்குப் போட்டேன். யுஎஸ்பியில் மாட்டும் ஒரு சின்ன சவுண்ட் கார்டு, டிவியோடு வந்த பழைய ஸ்பீக்கர்கள், அவ்வளவுதான் செலவு.

மென்பொருள்தான் படுத்தியது. மாதச் சந்தா கேட்டதையெல்லாம் தள்ளினேன். எங்கள் பக்கத்தில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. அத்தைக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். இலவசமாகக் கிடைத்த முதல் மென்பொருளில் தெலுங்கு எழுத்துகள் வெறும் கட்டங்களாக வந்தன. இரண்டாவது, இன்டர்நெட் நின்றால் தானும் நின்றது. மூன்றாவது, வீட்டு வைஃபை மட்டும் இருந்தாலே ஓடியது, தெலுங்கும் காட்டியது. அன்று எனக்கு இருந்த குஷிக்கு அளவில்லை.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளேயர் வாங்கி வந்தேன். ஒரு மணி நேரக் கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஓடவிட்டு நான் பாட்டுக்கு வேறு வேலை பார்த்தேன். ஏழு கேசட் முடிந்ததும் போட்டுப் பார்த்தால் ஆடு கத்துகிறது, பாத்திரம் உருள்கிறது, நடுவில் ஒரு குழந்தை நச்சரிக்கிறது. பாட்டு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அப்போதுதான் குறுக்கு வழி தோன்றியது. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் செல்போனுக்குக் கேட்கவைத்தால் என்ன பாட்டு என்று அதுவே சொல்லிவிடும். அதே பாட்டைத் துல்லியமான ஒலியில் வாங்கிப் போட்டுவிடலாம். அப்புறம் எதற்கு மணிக்கணக்கில் ஓட்டுவது? எட்டிலிருந்து முப்பத்தொன்று வரை பாட்டின் பெயரை மட்டும் எடுத்தேன், ஏற்றவில்லை. அத்தை ஒரு கல்யாணத்துக்குப் புத்தூர் போயிருந்த வாரம் அது. "இந்தக் குப்பைய இன்னா பண்றது?" என்று மனைவி கேட்டாள். போட்டுவிடு என்றேன். பழைய பிளாஸ்டிக் வாங்க வருகிறவரிடம் மொத்தமாகப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் கேட்டார். ஒரு பாட்டு முடிந்ததும் செல்போனைக் காதருகே கொண்டுபோவார், பிறகு அடுத்ததைத் தொடுவார். திங்கட்கிழமையும் அப்படியே. செவ்வாய்க்கிழமை நான் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "பாட்டெல்லாம் நல்லா கீதுடா. பொண்ணு எங்க?"

எனக்குப் புரியவில்லை. உங்கள் பெண் சமையலறையில்தான் இருக்கிறாள் என்றேன்.

"இவ இல்லடா. கேசட்ல இருந்தவ. பாட்டு அந்த ஊர்லயும்தான் விக்கிறான். நான் பாத்திரம் கழுவிக்கினு கேட்டதெல்லாம் அவளைத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தொலைந்த சாவியைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார். கேசட்டுகள் போய்விட்டன என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். ஒன்பது வயதில் அந்தக் குரலைக் கிள்ளி அடக்கியவனும் நான்தான், நாற்பது வயதில் மொத்தமாகத் துடைத்தவனும் நான்தான். அழுகை வந்தது, அழுதேன். பழைய பிளாஸ்டிக்காரரைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். போன வாரமே சரக்கு லாரி ஏறிவிட்டது என்றார்.

வியாழக்கிழமைதான் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில், முதலில் ஏற்றிய ஏழு கேசட்டுகளும் அப்படியே கிடப்பதைப் பார்த்தேன். நல்ல பாட்டுகளை வாங்கிப் போட்டபோது அவற்றை அழிக்கச் சோம்பல்பட்டிருக்கிறேன். அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதல் கேசட்டைப் போட்டேன். கரகரவென்று ஒரு பாட்டு ஆரம்பித்தது. நடுவில் அந்தக் குரல், ரகசியம் சொல்வது போல: "அம்மா, ஆடு குட்டி போட்டுச்சு. வெள்ளையா கீது. நீ எப்ப வருவ? அம்மா, இவன் கிள்றான்மா."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. என் மனைவி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். குரல் இன்னும் நாலைந்து முறை அம்மா என்றது. இப்போது இவளும் அப்படிக் கூப்பிடுவாள் என்று நான் மடத்தனமாக எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. முப்பது வருஷப் பழக்கம் ஒரு பாட்டில் போகுமா? பாட்டு முடிந்ததும், சின்னக் குரலில் கேட்டாள்: "நான் எப்ப இருந்து உன்னை அத்தைன்னு கூப்பிட ஆரம்பிச்சேன்?"

அத்தை யோசிக்கவே இல்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"எட்டாவது கேசட்ல. ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு முடிஞ்ச ஒடனே."