காவற்காரியைக் காணோம்

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து தரும் சின்னப் பட்டறை அது. வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர். மூத்தவள் அவள்தான்; வயது நாற்பத்து மூன்று. யாரோ ஒருவருடைய வாயின் அச்சு வந்து சேரும். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவாள். மயிரிழை பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி அடுக்குவாள். அவள் கை பட்ட செட் சரியில்லை என்று திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

பேச்சுதான் வராது. பள்ளிக்கூட நாளிலிருந்தே திக்குவாய். அதிலும் ககரத்தில் தொடங்கும் சொற்கள் அவளுக்கு ஜென்மப் பகை. கண்ணாடியை "மூக்கு மேல போடுறது" என்பாள். கடையில் கேரட் கேட்க முடியாமல் முள்ளங்கியோடு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. இப்படிச் சுற்றி வளைத்து அலுத்துப்போய், பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பட்டறையில் அவள் பெயர் 'சைலன்ட் அக்கா'. வீட்டில் அண்ணி இருந்தாள். இவள் ஒரு சொல்லைத் தொடங்கினால் அண்ணி முடித்து வைப்பாள். பாசத்தில்தான். ஆனால் அண்ணி முடித்த வாக்கியங்களில் பாதி இவள் சொல்ல வந்தவை அல்ல.

மாவு இறுகக் காத்திருக்கும் நேரத்தில் படிக்க ஒரு தடித்த நாவல் வைத்திருந்தாள். மாயாஜாலக் கதை. களவு போன ஒரு நதியைத் தேடி, சிறகு முளைத்த ஒரு மிருகத்தோடு இளவரசி ஒருத்தி ஏழு வாயில்களைக் கடந்து போவாள். ஆறு வாயில்களை வாளால் திறப்பாள். ஏழாவதில் பொக்கை வாய்க் கிழவி ஒருத்தி காவல் இருப்பாள். "எதுக்கு வந்தே?" என்பது மட்டுமே அவள் கேள்வி. இளவரசிக்குப் பதில் தெரியாது. ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே விறகு பொறுக்கிக் கிடப்பாள். ஒருநாள், "எனக்கே தெரியல பாட்டி" என்று அழுவாள். அப்போது கிழவி சொல்வாள்: "கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதே, கண்ணு. தள்ளிப் பார்த்தியா?"

அந்த நாவலை அவள் பதினோரு முறை படித்திருந்தாள். தாழ்ப்பாள் வரும் பக்கம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

நாவல் சினிமாவாகிறது என்ற செய்தி வந்ததும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வெளியான ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அண்ணியையும், பட்டறையில் பாலிஷ் போடும் பெண்ணையும் அழைத்துப் போனாள்.

ஏழாம் வாயில் வந்தது. கிழவி இல்லை. கல்லால் ஆன பூதங்கள் இரண்டு எழுந்து நின்றன. கால் மணி நேரம் சண்டை. கதவு தூள் தூளானது. அரங்கமே கைதட்டியது. அவள் மட்டும் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாள்.

படம் முடிந்து கேன்டீனில் காப்பி வாங்கி அமர்ந்தார்கள்.

"சூப்பர் இல்லக்கா?" என்றாள் பாலிஷ்காரி.

"கா... கா... கா..." அவளுக்கு முகம் சிவந்தது.

"காப்பி ஆறிப்போச்சாம்," என்று அண்ணி முடித்து வைத்தாள்.

அவள் கையை உயர்த்தி அண்ணியைத் தடுத்தாள். "நானே சொ... சொல்றேன் அண்ணி. கா... காவற்காரி எங்கே? அவளைக் கா... காணோமே!"

பக்கத்து மேஜையில் ஒருவன், "இங்க காக்கா கத்துதுடா," என்று சிரித்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, க... கத்தும். இருந்து முழுசாக் கேட்டுட்டுப் போங்க."

பிறகு பேசினாள். கோபத்தில் திக்கல் இரட்டிப்பானது. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. இருபது நிமிடம். விறகு, குளிர்காலம், தாழ்ப்பாள் எல்லாம் வந்தன. "உடைக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு? அது தி... திறந்த கதவு!" என்று மேஜையைத் தட்டினாள். காக்கா என்றவன் எழுந்து போகவில்லை. அண்ணி வாயைத் திறக்கவில்லை. வீடு திரும்பும்போதுதான், "இத்தனை வருஷமா உன்னைப் பேச விடாம நான்தான் நந்தி மாதிரி குறுக்க நின்னேனா?" என்று கேட்டாள்.

"கொ... கொஞ்சம்," என்றாள் இவள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் பாலிஷ்காரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அக்கா, புத்தகத்துல இருக்கிற கதைய முதல்லேர்ந்து சொல்லுங்க." மூன்று வாரம் தினமும் சொன்னாள். பட்டறையின் மற்ற இருவரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அண்ணி சும்மா இருப்பாளா? நூலகரிடம் போய், நாவலையும் படத்தையும் பற்றி இவள் பேச ஒரு கூட்டத்துக்கே நாள் குறித்துவிட்டாள்.

கூட்டத்தில் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவது என்ற முடிவோடு, குறிப்பெழுத நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறை தனியே படம் பார்க்கப் போனாள். ஒரு காட்சியில் பேனா நின்றுவிட்டது. இளவரசி சிறகு மிருகத்துக்கு விடை கொடுக்கும் இடம். நாவலில் இரண்டு பக்க வசனம். படத்தில் ஒரு சொல்கூட இல்லை. காற்றின் சத்தம், அதன் கழுத்தைத் தடவும் ஒரு கை, அவ்வளவுதான். அவள் கண்ணீரைத் துடைக்கவும் மறந்தாள்.

நூலகத்துக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள்.

"எ... எனக்குத் திக்கும். மெதுவாத்தான் வரும். அவசரம்னா இப்பவே கிளம்பிடுங்க," என்று ஆரம்பித்தாள். சிரித்தார்களே தவிர யாரும் அசையவில்லை. காவற்காரியை விட்டது தப்பு என்றாள். விடை கொடுக்கும் காட்சியில் படம் நாவலை ஜெயித்துவிட்டது என்றும் சொன்னாள். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு அரை மனசுதான், ஆனாலும் சொன்னாள்.

கூட்டம் கலைந்ததும் நூலகர் கேட்டார்: "அடுத்த மாசம் என்ன கதைம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு நாவல் எதையும் அவள் படித்ததே இல்லை. அலமாரிகளுக்கிடையே நடந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினாள். இருப்பதிலேயே தடித்த ஒன்றைத் தேர்ந்து, கனம் பார்த்து, மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இது," என்றாள்.