மடித்த மூலை

என் அக்காவின் கணவர் முப்பத்தோரு வருடம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பணியாளர் பிரிவில் எழுத்தராக இருந்தார். வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பிரித்து வைப்பதுதான் அவர் வேலை. வீட்டில் மாத்திரை அட்டையைக்கூடத் தேதி வாரியாக அடுக்குவார். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் ஃபைல் அத்தான்.

கம்பெனியை மூடியபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அக்கா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. “இன்னும் ஒரு வருஷம் இப்படி நின்னீங்கன்னா அப்புறம் நடக்கவே முடியாதும்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு ஒரு வேலை கிடைத்தால் அவள் உட்காரலாம். விஷயம் அவ்வளவுதான். அதற்காகப் பதினொரு மாதம் நாயாய் அலைந்தார், ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பயோடேட்டாவைப் புதுப்பிக்க வேண்டும், லேப்டாப்போடு வா என்றார். போனேன்.

“மச்சான், முதல்ல பிறந்த தேதியை எடுத்துடு.”

எடுத்தேன்.

“ஸ்கூல் முடிச்ச வருஷத்தையும் எடு. அதை வெச்சே வயசைக் கண்டுபிடிச்சிடுவாங்க. டைப்ரைட்டிங்னு ஒண்ணு இருக்கு பாரு, அதைத் தூக்கு. முதல் பதினஞ்சு வருஷ சர்வீஸே வேணாம்.”

“விட்டா எங்க அக்காவைக் கட்டினதையே எடுக்கச் சொல்வீங்க போல.”

அவர் சிரிக்கவில்லை. மூன்று பக்கம் ஒரே பக்கமாகிவிட்டது.

“இவ்வளவு விவரம் எப்படி அத்தான் தெரியும்?”

“தள்ளினதே நான்தானே” என்றார்.

அப்புறம்தான் சொன்னார். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் வேண்டாம் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தாராம். காகிதத்தில் எழுதினால் நாளைக்கு யாராவது கேஸ் போடுவார்கள். ஆகவே அத்தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வயது தாண்டியவரின் விண்ணப்பத்தில் வலது மேல் மூலையைச் சின்னதாக மடித்துவிடுவார். மடித்த காகிதம் மேனேஜர் மேசைக்குப் போகாது. தன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் அதையே பழக்கினார்.

“எத்தனை பேர் இருக்கும்?”

“யாரு எண்ணினா? நல்ல யோசனைன்னு பாராட்டினாங்க மச்சான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவங்க வீட்லயும் முழங்கால் வலியோட யாராவது நின்னுக்கிட்டு இருந்திருப்பாங்கல்ல?” என்று கேட்டுவிட்டேன். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, மிச்சமிருந்த ஒரு வருடத்தைத் தானே அழித்தார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

வருடங்களை எடுத்தது பலித்தது. மூன்றாவது வாரமே ஒரு பைப் கம்பெனியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தலைக்கு மை அடித்துக்கொண்டார், காது மடலெல்லாம் கறுப்பு. அக்கா ஈரத்துணியால் துடைத்துவிட்டு, “மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க” என்றாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். வெளியே காத்திருந்தேன். பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார். பாதி வழியில் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

உள்ளே ஒரு மேலாளரும், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாளும் இருந்தார்களாம். அந்த அம்மாள் இருபது வருடத்துக்கு முன் இவரிடம் வேலை பழகியவர். மரியாதையாக எழுந்து நின்று, “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்டிருக்கிறார். மேலாளர் அத்தானை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்த அம்மாள் பயோடேட்டாவின் அடியில் அத்தான் போட்டிருந்த கையெழுத்தைப் பாராட்டிக்கொண்டே அதன் வலது மேல் மூலையை மடித்தார்.

“அது பாவம், வேணும்னு பண்ணலை. கை தானா போகுது. போன் நம்பர் தப்பா இருக்கு, திருத்தித் தர்றேன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்.”

“எதுக்கு அத்தான்?”

“அங்கே வெச்சுட்டு வர மனசு வரலை.”

வீட்டுக்குப் போனபோது அக்கா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவர் காகிதத்தை நீட்டினார்.

“இதுக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத் தர்றியா?”

“பேப்பருக்கா? கிறுக்கா உங்களுக்கு?” என்றவள், ஏதோ நல்ல சேதிதான் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைச் சூடாக்கினாள். அந்த மடிப்பு என்னவென்று அவளுக்குத் தெரியாது.

“உட்கார்ந்துக்கிட்டுப் போடுக்கா” என்றேன்.

“உட்கார்ந்தா கை எட்டாதுடா.”

துணி விரித்து, தண்ணீர் தொட்டு, பக்குவமாகத் தேய்த்தாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் நேராயிடுச்சு. இந்த மூலைக் கோடு மட்டும் போக மாட்டேங்குது. இன்னொரு தடவை போடட்டுமா?”

“வேணாம், விடு. நீ உட்காரு” என்றார் அத்தான்.

அவள் உட்காரவில்லை. சூடு வீணாகப் போகிறதே என்று, மறுநாள் வேலைக்குப் போட்டுப்போக வேண்டிய சீருடையை எடுத்து விரித்தாள்.