காய்ச்சல் தெரிந்த கடவுள்

ஒரு குழந்தையின் காதுகளை நான் பறித்துவிட்டேன். ஒரே ஒரு பொய்யால். எட்டு ஆண்டுகளாக இதை எவரிடமும் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் ரேணுகாவைத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறக்கிறேன். என் யோக்கியதை இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்!

திருத்தணியில் ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கள் சபை இருக்கிறது. சின்னச் சபை. இருபத்தாறு ஆண்டுகளாக அங்கே ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் நான். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். தெருவில் எல்லாருக்கும் நான் 'டீச்சர்'தான். ஆடிக் கிருத்திகையன்று ஆராதனை வந்துவிட்டால், மலைக்குப் போகிறவர்களின் அரோகரா எங்கள் பாட்டை அமுக்கிவிடும். அதனால் எங்கள் சபையார் எப்போதும் ஒரு படி உரக்கவே பாடுவார்கள்.

பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். கடவுள் மனிதரானார். ஓர் ஆள்மேல் வந்து இறங்கி, ஆடிவிட்டு, மலையேறிப் போய்விடவில்லை. மனிதராகவே பிறந்தார். அவருக்குப் பசித்தது. அழுதார். தாயிடம் பால் குடித்தார். 'அவருக்கும் காய்ச்சல் வந்திருக்கும், விழுந்து முட்டி தேய்ந்திருக்கும்' என்று நானாகவும் சேர்த்துக்கொள்வேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை!

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவாக ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத்தான் கிடத்துவார்கள். நீலக் கண், பொன்னிற முடி. ஒரு வருடம் மரியாளாக நடித்தவள் அதைத் தூக்கும்போது பொம்மையின் கை கழன்று கீழே விழுந்தது. சபையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொம்மையாகவா வந்தார் ஆண்டவர்? அடுத்த வருடம் உயிருள்ள குழந்தையைக் கிடத்திக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சவால் விட்டேன்.

அடுத்த டிசம்பரில் சபையில் கைக்குழந்தையே இல்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரேணுகா குடியிருந்தாள். மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்பவள். கணவனுக்கு அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வேலை. அவளுக்கு அப்போது ஏழு மாதக் குழந்தை, வள்ளி. சிரித்தால் கன்னம் இரண்டும் கண்ணை மூடிவிடும்.

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவள் தயங்கவேயில்லை.

"சாமி வேஷமா டீச்சர்? எம் பொண்ணுக்கா? குடுத்து வெச்சிருக்கணுங்க! எந்த சாமியா இருந்தா இன்னா!"

வேஷமில்லை ரேணுகா, என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் குழந்தை கிடைத்தால் போதும்.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு, மாலை நாடகம். அரக்கோணத்திலிருந்து ஒரு பெரிய போதகர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் நான் இடையர்களுக்குத் துண்டு கட்டிக்கொண்டிருந்தேன். ரேணுகா குழந்தையோடு வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"காலைலருந்து ஒடம்பு சுடுதுங்க டீச்சர். பாலெல்லாம் கக்கிகினே இருக்குது. இன்னைக்கு வேணாமா?"

குழந்தையின் நெற்றியில் கைவைத்தேன்.

கொதித்தது... அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. என் கை தானாகப் பின்வாங்கியது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. என் கைக்குத் தெரியும்!

என்ன செய்திருக்க வேண்டும்? கேட்டைத் தாண்டினால் ஆட்டோ. ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்தில் அரசு ஆஸ்பத்திரி. பொம்மை அலமாரியில்தான் இருந்தது. கழன்ற கையைக்கூட நானே ஒட்டி வைத்திருந்தேன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பயப்படாத ரேணுகா. சாமி வந்து எறங்குது. அதான் சூடு."

அந்த வார்த்தையை நான் எங்கிருந்து எடுத்தேன்? ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவள் நான். அருள் வந்தவரின் உடம்பு அனலாய்க் கொதிக்கும் என்பார்கள். அந்த நேரத்தில் அவரை யாரும் தடுக்கமாட்டார்கள். எந்தச் சொல்லுக்கு ரேணுகா அடங்குவாள் என்று எனக்குத் தெரியும். நானே நம்பாத ஒன்றை, என் பிள்ளைகளிடம் 'அப்படியில்லை' என்று பதினெட்டு வருடமாகச் சொல்லி வந்த ஒன்றை, எடுத்து நீட்டினேன். அவள் நம்பிக்கையை அவளுக்கே எதிராக வளைத்தேன்.

ரேணுகாவின் முகம் மாறியது. தன் குழந்தையையே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆங்... அப்டியா டீச்சர்?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

நாடகம் தொடங்கியது. இடையர்கள் வருவதற்குள் குழந்தை வீறிட்டது. ரேணுகா பதறி, திரைக்குப் பின்னால் அதை வாங்கி மார்போடு அணைத்துப் பால் கொடுக்கப் பார்த்தாள். குழந்தை பிடிக்கவில்லை. தலையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி அழுதது. "சீன் வந்துடுச்சு, குடு!" என்று நான் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். அந்தச் சொல்தான் சரி.

தொழுவத்தில் கிடத்தியபோது அழுகை நின்றுவிட்டது. கண் பாதி திறந்திருந்தது. அசைவே இல்லை. சபையில் ஒரு சத்தமில்லை. முன்வரிசைப் போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் என் கையைப் பற்றி, "நிஜமாவே இறங்கி வந்த மாதிரி இருந்துச்சும்மா!" என்றார்.

அந்த அமைதி என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். நினைவு தப்பிக்கொண்டிருந்த குழந்தையின் அமைதி அது. அதற்குத்தான் எல்லாரும் கைதட்டினோம்.

கேக் வெட்டும் இடத்துக்கு ரேணுகா வந்து என் முந்தானையைத் தொட்டாள். "சூடு எறங்கலயே டீச்சர்... ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டுமா?"

சுற்றிலும் ஆட்கள். என்னைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். போ என்று சொன்னால் முன்னே சொன்னது பொய்யாகிவிடும்.

"தானா எறங்கிடும். ஈரத்துணி போடு," என்றேன்.

அவள் இரண்டு நாள் ஈரத்துணி போட்டாள். குழந்தையின் தலைமாட்டில் விளக்கேற்றி வைத்தாள். மறுநாள் அந்த வீட்டைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஏன்? பார்த்தால் மறுபடி நெற்றியில் கைவைக்க வேண்டிவரும்!

மூன்றாம் நாள் காலை ஜன்னி கண்டது. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் தப்பியது. காது போய்விட்டது.

"ரெண்டு நாளா இன்னாம்மா பண்ணிகினு இருந்த?" என்று டாக்டர் கத்தினாராம். சாமி இறங்கியதை ரேணுகா டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்? என் பெயர் அவள் வாயில் வரவேயில்லை. இதை அவளே என்னிடம் சொன்னபோது எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி! சீ...

இத்தோடு முடிந்திருந்தால் நான் வெறும் பாவி. இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது.

சில மாதம் கழித்து ரேணுகா என் வீட்டுக்கு வந்தாள். டீ கொடுத்தேன். தள்ளி வைத்தாள்.

"பால் ஊத்தாத குடுங்க டீச்சர். நான் இனிமே பாலே தொடறதில்ல."

ஏனென்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தப்பு எம்மேலதாங்க. சாமி எறங்கி இருந்துச்சே, அப்பப் போயி எம் புள்ளதானேன்னு மார்ல போட்டு அமுக்கிட்டேன். சாமிய எச்சில் பண்ணிட்டேன். அதான் காத எடுத்துக்கினு போயிடுச்சு."

அன்றிலிருந்து குழந்தைக்குத் தாய்ப்பாலையே நிறுத்திவிட்டாள். ஆண்டுதோறும் கிருத்திகைக்கு வள்ளிக்கு மொட்டை போட்டு, கூட்டிக்கொண்டு மலைப்படி ஏறுகிறாள். டிசம்பர் வந்தால் எங்கள் சபைக்கும் மெழுகுவத்திப் பாக்கெட் ஒன்று தந்துவிட்டுப் போகிறாள். எந்தச் சாமிக்குக் கோபமென்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்கிறாள்.

என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. 'மனிதராக வந்த கடவுள் தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்தான் ரேணுகா, அவருக்கு அதில் என்ன எச்சில்?' அதைச் சொன்னால் அவள் அந்த நொடியே விடுதலை ஆவாள். ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய்போல் எடுத்துக் கொடுக்கிற வாக்கியம்தான் அது!

சொன்னால் அடுத்த கேள்வி வரும். "அப்ப அந்தச் சூடு இன்னாது டீச்சர்?"

அதனால் சொல்லவில்லை. எட்டு வருடமாக அவளுக்குப் பால் ஊற்றாத டீ போட்டுக் கொடுக்கிறேன்.

எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. போலீசுக்குப் பயமில்லை, ஊருக்குக்கூட அவ்வளவாக இல்லை. ஆண்டவருக்குத்தான் பயம். உடம்பே இல்லாத கடவுளாக இருந்தால் எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். 'ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கும் என்று உமக்கென்ன தெரியும்' என்று எதிர்க்கேள்விகூடக் கேட்கலாம். இவருக்குத் தெரியுமே! காய்ச்சல் தெரியும், தாகம் தெரியும், தாயின் மடியிலிருந்து பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று தெரியும். இவரிடம் நான் எந்தச் சாக்கைச் சொல்வது? இத்தனை காலம் ஆறுதல் என்று நான் கற்பித்த அதுவே இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. ஜெபிக்க முழங்காலிட்டால் உள்ளங்கை சுடுகிறது. தண்ணீரில் நனைத்தாலும் சுடுகிறது.

போன மாதம் ரேணுகாவுக்கு இரண்டாவது பெண் பிறந்தது.

பன்னிரண்டாம் நாள் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தாள். வள்ளியும் கூட வந்தாள். வள்ளி இப்போது காதுகேளாதோர் பள்ளியில் படிக்கிறாள். அங்கே அவளுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பேசுகிறவரின் தொண்டையில் கைவைத்தால் குரலின் அதிர்வு தெரியுமாம். யாரைப் பார்த்தாலும் தொண்டையைத் தொட்டுவிட்டுச் சிரிப்பாள். கன்னம் கண்ணை மூடிவிடும்.

புதுக்குழந்தை வற்றிப்போயிருந்தது. பவுடர் பால்தான் கொடுக்கிறாளாம். அது ஒத்துக்கொள்ளவில்லையாம். ரேணுகாவின் ரவிக்கை முன்புறம் முழுக்க நனைந்திருந்தது.

"நர்சம்மா திட்றாங்க டீச்சர், தாய்ப்பால் குடுக்கலன்னா புள்ள தேறாதுன்னு. எனக்குக் கை வரல. எம் பால்லயே தோஷம் இருக்குது. நீங்க சொல்லுங்க... குடுக்கலாமா?"

உங்களிடம் கேட்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவருக்கு வாய்ப்பு வருமா? என் முன்னால் பசித்த குழந்தை. பால் கட்டிய தாய். அவள் வாயாலேயே கேள்வி. சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்!

"குடு ரேணுகா," என்றேன். அவள் அசையவில்லை.

"அன்னைக்கு நான் பண்ணது?"

"அதுக்காக நான் ஜெபம் பண்ணிட்டேன்," என்றேன். "உன்ன மன்னிச்சிட்டாரு."

அவளை! மன்னித்துவிட்டாராம்! ஒரு தப்பும் செய்யாதவளுக்கு, எல்லாத் தப்பும் செய்த நான், அவர் பெயரில் மன்னிப்பு வழங்கினேன்.

ரேணுகா ஓவென்று அழுதாள். குழந்தையோடு அப்படியே என் காலில் விழுந்தாள். "எட்டு வருசமா இது ஒண்ணுதாங்க டீச்சர் நெஞ்ச அடச்சிகினு இருந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்!" என்றாள். பிறகு சுவரோரம் திரும்பி உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அது மடமடவென்று குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வள்ளிக்குக் கேட்டிருக்காது.

அம்மா ஏன் அழுகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. என்னருகே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டி என் தொண்டையில் வைத்தாள். நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

நான் பேசவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.

வரும் ஞாயிறு எங்கள் நாடக ஒத்திகை. ரேணுகா நேற்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்த வருடம் சின்னவளைத் தொழுவத்தில் கிடத்த வேண்டுமாம். அவளாகவே கேட்கிறாள். சரி என்பதா, வேண்டாம் என்பதா? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே...