தகரத்து மழை

ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டகையின் தகரக் கூரைமேல் வீசிவிட்டு, ஜெயபாண்டி முக்காலியிலிருந்து குதித்து உள்ளே ஓடினார். உட்கார்ந்து காதைத் தீட்டுவதற்குள் மழை நின்றுவிட்டது. மறுபடி முக்காலி, மறுபடி செம்பு.

ஆடி பிறந்தால் அவருக்கு இதுதான் வேலை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காற்று புழுதியை வாரி இறைக்கும். ஆனால் தீபாவளி மலருக்கு மழைக்கவிதையை அப்போதே அனுப்பினால்தான் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்க்கும் இந்தக் கவிஞருக்குப் பருவங்கள் எல்லாம் முந்திக்கொண்டுதான் வரும்.

கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் நிச்சயமில்லை. உள்ளறையில் அவருடைய அண்ணன் தங்கச்சாமி பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். முதுகில் புண் வைக்கத் தொடங்கிவிட்டது. தினமும் துடைத்து, விரிப்பு மாற்றி, அலசிப் போட வேண்டும். அதைச் செய்பவள் ஜெயபாண்டியின் மனைவி ஆவுடைத்தாய்; ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள்.

"ஏங்க, அது உங்க அண்ணனைத் துடைக்க வச்ச தண்ணி."

"ரெண்டே செம்புதாண்டி. காதுல விழுந்தாத்தான் எழுத்துல விழும்."

"அப்ப கீழ ஒரு சட்டியாவது வைக்கேன். விழுததைப் பிடிச்சுக்கிடுதேன்."

"சட்டியில விழுந்தா குழாயடிச் சத்தம். மழை மண்ணுலதான் விழணும்."

"இங்கன அடிக்கிற வெயிலை எழுதக் கூடாதாக்கும்?"

"வெயில் கோடை மலருக்கு. அதைத் தையில எழுதணும்."

பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏக்கா, உங்க வீட்டுல மட்டும் மழை பெய்யுதாக்கும்?"

"கவிஞர் வீடுல்லா? குடம் காலியானா வெயிலடிக்கும்."

மெய்யான மழை ஐப்பசியில் ஒரு மத்தியானம் வந்தது. ஆவுடைத்தாய் குடம், வாளி, சருவம் என்று கிடைத்ததையெல்லாம் தகரத்தின் விளிம்புக்குக் கீழே வைத்தாள். எல்லாம் நிரம்பி வழிந்தன. மிச்சம் இருந்தது அடுப்பங்கரையில் கிடந்த பெரிய அண்டா. அது நிறைந்தால் தங்கச்சாமியை வாரம் முழுக்கத் தலையோடு குளிப்பாட்டலாம். ஒற்றை ஆள் தூக்க முடியாது.

"ஏங்க, ஒரு கை பிடிங்க! மழை நின்னுரப் போகுது!"

ஜெயபாண்டி கம்பளியைப் போர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பொங்கல் மலருக்காக மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க!"

தாளிலிருந்து கண்ணெடுக்காமல் இடது கையை நீட்டி, அவர் ஜன்னல் கதவைச் சாத்தினார்.