கோழிக்கூட்டுக்குள் என் மகளின் கை

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலையில் செவலைக் கோழி செத்துக் கிடந்தது. அன்று என்ன கிழமை என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் வழக்கு உண்டு. திருநாளுக்கு மறுநாள் என்பதில் இல்லை.

இறகு கலையவில்லை. ரத்தம் இல்லை. கீரியோ பூனையோ வந்திருந்தால் கழுத்து மிஞ்சியிருக்காது. புரட்டிப் பார்த்தேன். தொடைக்கு மேலே தோல் கருத்து வீங்கியிருந்தது. கூட்டுக்குள் வைத்திருந்த கூடையில் முட்டையும் குறைந்திருந்தது.

எங்கள் வீடு திண்டுக்கல்லை விட்டு வடமதுரை போகும் சாலையில், ஊர் முடிந்து காலி மனைகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பின்சுவருக்கு அப்பால் சீமைக்கருவேலம்தான். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்து மனைகளில் தண்ணீர் கட்டி நின்றது. வளைக்குள் இருந்ததெல்லாம் மேடு தேடிக் கிளம்பியது. எங்கள் கொல்லை மேடு.

முந்தைய மழைக்காலங்களிலும் பாம்பு வந்ததுண்டு. எல்லாம் சாரை. என் மனைவி விளக்குமாற்றைத் தரையில் தட்டினாலே போய்விடும். ஆனால் சாரை கடித்துக் கோழி கருத்து வீங்காது. பாம்புகளைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் கொஞ்சமல்ல. அன்று அவற்றைப் படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஏனென்றால் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து கோயம்புத்தூரிலிருந்து கூட்டி வந்திருந்தோம். கோழி வளர்த்ததே அவளுக்காகத்தான். பிள்ளை பெற்ற உடம்புக்குக் கடைக்கோழி ஆகாது, வீட்டுக்கோழிச் சாறுதான் வேண்டும் என்று என் மனைவி வைகாசியிலேயே குஞ்சு வாங்கி விட்டிருந்தாள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் வந்து கூட்டைச் சுற்றிக் கம்பியால் கிளறினார்கள். பாம்பு இல்லை. செங்கல் இடுக்கில் சட்டை மட்டும் கிடைத்தது. மூத்தவர் அதை விரித்துக் கழுத்துப் பக்கம் காட்டினார். அங்கே அகன்றிருந்தது.

"நல்ல பாம்பு சார். திரும்ப வந்தா கூப்பிடுங்க. நாங்க வார வரைக்கும் அது மேலயிருந்து கண்ண எடுத்துறாதீங்க."

"நீங்க வர எம்புட்டு நேரமாகும்?"

"அது ரயில்வே கேட்டப் பொறுத்தது சார்."

அன்று முதல் மகளைக் கொல்லைப் பக்கமே விடவில்லை. முட்டையை நானே நீளக்காம்பு அகப்பையால் உருட்டி எடுத்தேன். "முட்டைக்கு அகப்பை போடுற ஆம்பளய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் என் மனைவி. சின்னாளபட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே தலை நீட்டிச் சிரித்தாள்.

"அண்ணே, புள்ளத்தாச்சியக் கண்டா பாம்புக்குக் கண்ணு மங்கிரும். உங்க வீட்டுல பயமில்லாமப் போகக்கூடிய ஆளு ஒங்க மகதான். அவள உள்ள வச்சுக்கிட்டு நீங்க போறீக."

இதில் அவள் சாமி, எங்கள் சாமி என்ற பேதமில்லை. என் மனைவியும் சிறு வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். ஜெபமாலை ஒரு கையில் இருக்க, இதை இன்னொரு கையில் வைத்திருந்தாள். பாம்புக்கு யார் கர்ப்பிணி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்க படிச்சதுல அது மட்டும் இல்லியாக்கும்" என்றாள்.

நவம்பர் கடைசி வாக்கில் கிறிஸ்து அரசர் ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு நான் மட்டும் கறிக்கடை வழியாகத் தாமதமாக வந்தேன். முன்வாசலில் பையை வைக்கும்போதே கோழிகளின் சத்தம் மாறியிருந்தது தெரிந்தது. கொக்கரிப்பு இல்லை. தொண்டைக்குள்ளேயே உருட்டுகிற சத்தம். கொல்லைக்குப் போனேன்.

மகள் கூட்டுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குனிய முடியாத வயிறு. வலது கை தோள்வரை கூட்டுக்குள் இருந்தது. கம்பிவலை வழியாகப் பார்த்தேன். அவள் விரல்கள் முட்டைக் கூடையில். கூடைக்குப் பின்னால், செங்கல் மூலையில், தலை தூக்கியிருந்தது. படம் விரிந்திருந்தது.

"கைய எடுக்காத" என்றேன்.

"தெரியுதுப்பா" என்றாள், திரும்பாமல்.

சொன்னது சரிதானா, மெல்ல இழுக்கச் சொல்லியிருக்க வேண்டுமா? இரண்டுமே எங்கோ படித்திருக்கிறேன். எது எதற்கு என்று அந்த நேரத்தில் பிடிபடவில்லை. போன் பையில். பை முன்வாசலில். நான் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேறு எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது. அவள் கையில் வளைகாப்பு வளையல்கள் உரசி மிக லேசாக ஒலித்தன. அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

படம் சுருங்கியது. பாம்பு கூடை விளிம்பில் ஏறி, வளையல்களை ஒட்டியே நீண்டு, பின்பக்கத் தண்ணீர் ஓட்டைக்குள் இறங்கியது. வால் முழுதாக மறைய வெகுநேரம் ஆனது போலிருந்தது. நான் அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

என் மனைவி ஓடி வந்தாள். மகளை இறுகக் கட்டிக்கொண்டு, வயிற்றில் சிலுவை போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாந்தான் போகச் சொன்னேன். ஒண்ணும் ஆகலேல்ல? கண்ணு மங்கிப் போயிருக்கு, அதான் ஓரமா ஒதுங்கிப் போயிருச்சு." பக்கத்து வீட்டுப் பெண் சுவரிலிருந்து கை கூப்பினாள்.

எனக்குப் பயம் முழுசாக வந்தது அப்போதுதான். இனி மகள் கையைக் கூட்டுக்குள் விட யாரும் தயங்க மாட்டார்கள். அகப்பையோடு நான் ஒருவன்தான் குறுக்கே நிற்பேன்.

பொழுது சாயும் நேரத்தில் மகள் என்னைக் கூப்பிட்டாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அப்பா, அது என்னயப் பாத்துச்சு. நா விரல அசைச்சா அந்தப் பக்கம் தலையத் திருப்புச்சு. மறுபடி அசைச்சேன், மறுபடி திருப்புச்சு. நல்லாத் தெரிஞ்சது அதுக்கு."

"அம்மாகிட்டச் சொல்லுவோமா?"

"நீங்க சொன்னா அம்மா நம்பாது. நா சொன்னா அழுகும்."

என் மனைவி கருப்பட்டிக் காப்பியோடு உள்ளே வந்தாள். நாளைக்கு ரெண்டு முட்டை அவித்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

"எனக்கு முட்டை வேணாம்மா. கோழியும் வேணாம். எல்லாத்தையும் யாருக்காச்சும் குடுத்துருங்க."

"அப்ப சாறு?"

மகள் போர்வைக்குள்ளிருந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அந்தப் போர்வையையே பார்த்தாள். காப்பியை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே போனாள்.

காலையில் நான் எழுந்தபோது கோழிகள் கால் கட்டப்பட்டுச் சாக்குமேல் கிடந்தன. கூட்டுக் கதவு திறந்திருந்தது. ஆயக்குடியில் இருக்கும் தன் தங்கைக்குக் கொடுத்துவிட பஸ் எத்தனை மணிக்கு என்று என் மனைவி கேட்டாள். அவள் கையில் என் அகப்பை இருந்தது.