மூன்றாவது அமர்வு

என் கணவருக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. ரயில் பட்டறையில் முப்பத்தொரு வருடம் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகு டி.வி.யின் சத்தத்தை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போனார். பிறகு டி.வி. போடுவதையே விட்டுவிட்டார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தால், "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேட்டு, பதில் வருவதற்குள் போனை என் கையில் கொடுத்துவிடுவார். அப்பாவுக்குத் தன்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றே அவள் பல வருடம் நினைத்திருந்தாள்.

போன வருடம் அவள் காது மெஷின் ஒரு ஜோடி வாங்கி, இங்கே பர்மாவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. காதுக்குப் பின்னால் உட்காரும். புளூடூத்தில் போனோடு சேர்ந்துகொண்டு, வரும் குரலை நேராகக் காதுக்குள் இறக்கும். ஆனால் மாட்டிய உடனே எல்லாம் கேட்டுவிடாதாம். பதினைந்து வருடம் சத்தத்தை மறந்திருந்த மூளைக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். அதற்கு ஐந்து அமர்வுகள். சிங்கப்பூர் கிளினிக்கில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மிங்கலாடோனில் எங்கள் வீட்டு நாற்காலியில் இருப்பவரின் காதை இன்டர்நெட் வழியாகவே திருத்துவாள். அவள் ஆங்கிலத்தில் கேட்பதை மகள் தமிழில் சொல்வாள்.

அந்தக் கிளினிக்கின் ஆப் இங்கே, இன்டர்நெட் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். இல்லாமல் திறக்காது. வி.பி.என். வைத்திருந்தால் ராணுவத்தினர் பிடிப்பார்கள். இருந்தும் பலர் வைத்திருக்கிறார்கள். அவருடைய போனில் நானும் ஒன்றைப் போட்டேன்.

முதல் அமர்வில் சத்தங்கள் வந்தன. அவர் எழுந்து போய், குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாவது அமர்வுக்குப் பிறகு பேச்சு வர ஆரம்பித்தது. ஒருநாள் காலை நான் அரிசி விலையைப் பற்றி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ இவ்வளவு பேசுவியா? பதினஞ்சு வருஷமா நிம்மதியா இருந்திருக்கேன்."

அந்த வாரம் மகள் கூப்பிட்டபோது போன் என் கைக்கு வரவில்லை. பதினோரு நிமிடம் அவரே பேசினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவளுடையது மெல்லிய குரல். வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் அவருக்கு நழுவின. அது சாதாரணம்தான், பெண் குரலை மூன்றாவது அமர்வில் கவனிக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை காலைக்கு நேரம் குறித்தார்கள்.

வியாழக்கிழமை நான் நகரத்துக்குள், பபேடான் கடைத்தெருவுக்குப் போனேன். மெஷினின் நுனியில் போடும் ரப்பர் குமிழ் ஒன்று கிழிந்திருந்தது. நகரத்துக்குள் போகும்போது நல்ல போனை வீட்டில் வைத்துவிட்டு பட்டன் போனோடு போவதுதான் எங்கள் வழக்கம். அன்று மட்டும், மெஷின் என்ன மாடல் என்று ஆப்பைத் திறந்து காட்டச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அதனால் என் கணவரின் போனை எடுத்துக்கொண்டேன்.

பாதி வழியில் பஸ் மெதுவானது. முன்னால் சாலையில் ராணுவத்தின் சோதனைத் தடுப்பு. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கட்டைவிரல்கள் மட்டும் அசைந்தன. என் பக்கத்து இருக்கைப் பெண் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். அதில் பாதி குழந்தையின் படங்கள். நான் வி.பி.என்.னை அழித்தேன். அப்புறம் காது ஆப் கண்ணில் பட்டது. திறந்தால் முதலில் வெளிநாட்டு கிளினிக்கின் பெயர், அதன் கீழே அந்தப் பெண் ஆங்கிலத்தில் அனுப்பிய செய்திகள். இது என்ன, யாரோடு பேசுகிறாய், வி.பி.என். இல்லாமல் இது எப்படி ஓடியது என்று கேட்டால் என்ன சொல்வது? அதையும் அழித்தேன்.

இரண்டு சிப்பாய்கள் ஏறினார்கள். முன்வரிசையில் குடை வைத்திருந்த ஒருவரின் போனை வாங்கிப் பார்த்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் என் இருக்கை வரை வந்து, "அமே, எங்கே போறீங்க?" என்று பர்மிய மொழியில் கேட்டார். அம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். பபேடானுக்கு என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். என் போனை யாரும் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திரும்பவும் இறக்கினேன். அது இறங்கியது, ஆனால் கிளினிக்குக்குள் நுழையும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பழைய வி.பி.என். மறுபடி கிடைக்கவில்லை. கிடைத்த மூன்றும் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை காலை அவர் தலை சீவி, சட்டை போட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார்.

தடை செய்யப்படாத வேறொரு ஆப்பில் மகள் கூப்பிட்டாள். ஆப்பை அழித்துவிட்டேன் என்றேன். "அது காது மெஷின் ஆப்தானேம்மா. அதை ஏன் அழிச்சீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். போனை யார் ஒட்டுக்கேட்கிறார்களோ, பஸ்ஸைப் பற்றி அதில் சொல்ல முடியாது. கைதவறி அழித்துவிட்டதாகச் சொன்னேன்.

நகரத்தில் லத்தா பக்கம் ஒரு போன் கடையில், வேலை செய்யும் வி.பி.என். ஒன்றைக் கேபிள் வழியாக ஏற்றித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போகப்போகிறேன் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டினேன். எங்கள் தெருவில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர் வி.பி.என். வைத்திருந்ததற்காக ஜெயிலுக்குள்ளே போய்வந்தவர். திரும்பி வந்ததிலிருந்து அவர் கையில் போனே இல்லை. வீட்டு ஆள் கணக்கு எடுக்க வருகிறவர்கள் போனையும் கேட்பது உண்டு. இதெல்லாம் என் கணவருக்கும் தெரியும். தாளைப் படித்து நான்காக மடித்தார்.

"என் காதுக்காக நீ உள்ளே போகணுமா? வேணாம். இது போதும்."

போதவில்லை. அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் உண்மை. லத்தாவுக்கு ஒருமுறை போகவும் செய்தேன். அந்தக் கடையைக் கண்டுபிடித்து, எதிர்வரிசையில் பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பாதி திருத்திய காது, திருத்தாத காதைவிட மோசமாக இருந்தது. ஜெனரேட்டர்களின் இரைச்சலும் பாத்திரச் சத்தமும் பெரிதாக வந்தன. பேச்சு அவற்றின் அடியில் எங்கோ கிடந்தது. "சத்தம் வருது, வார்த்தை வரலை" என்றார். முதலில் சாப்பாட்டு நேரத்தில் கழற்றினார். பிறகு காலையில் மாட்டுவதில்லை. கிளினிக்கில் இரண்டு முறை நேரம் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். பாஸ்போர்ட் புதுப்பிப்பதில் சிக்கல், இங்கே வந்தால் திரும்பிப் போக முடியுமா என்று தெரியவில்லை, அதனால் தீபாவளிக்கு வரப்போவதில்லை, எப்போது வருவேன் என்றும் சொல்ல முடியாது என்றாள். சொல்லும்போது அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார்.

"சரிம்மா. வா, வா. நான் எங்க போகப்போறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரிடம் திரும்பி, உரக்க, அவள் வரவில்லையாம் என்றேன். அவர் உதட்டைப் படித்துப் புரிந்துகொண்டார். சிரித்த முகத்தை உடனே மாற்ற முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், மகள் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே மெஷினை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார ஆரம்பித்தார். கேட்கிறதா என்று அவள் கேட்டால், "நல்லா கேக்குது" என்பார். அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. பழகப் பழகச் சரியாகிறதோ என்று.

போன மாதம் ஒருநாள், கரண்டு வந்த நேரத்தில் எல்லாவற்றையும் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மெஷின் பெட்டியையும் சொருகினேன். முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் வரும் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜர் ஒயர் அலமாரியின் பின்னால் தூசியோடு கிடந்திருந்தது. எத்தனை வாரமாக என்று அவரிடம் கேட்கவில்லை. அவள் கேமராவில் பார்ப்பதற்காக மட்டும் அதை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மகளிடமும் சொல்லவில்லை. இப்போது அவள் கூப்பிடும்போது நான் அவர் பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாதபடி கையை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அவள் சிரித்தால் அவர் முழங்காலை ஒருமுறை தொடுகிறேன். அவர் சிரிக்கிறார். கேள்வி கேட்டால் இரண்டு முறை. "நல்லா இருக்கேம்மா" என்கிறார். பெரும்பாலும் அது பொருந்திவிடுகிறது.